அதிகாரிமேல் நடவடிக்கை எடுக்க வைப்பதாகச் சொல்லி 1,850 வெள்ளி வாங்கிக்கொண்டார். யாரும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

புகார் எழுதித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவரிடமிருந்து நேற்று இரவு வரை பதில் வரும் என்று காத்திருந்தேன். இனி வராது. அதே ஆள் இந்த வாரமும் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருப்பதைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா இறந்த பிறகு அம்மாவின் விண்ணப்பம் ஒன்றுக்காக இங்கே சிங்கப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர்களுடைய அசல் திருமணச் சான்றிதழைக் கொடுத்திருந்தோம். 1979இல் மன்னார்குடியில் வாங்கியது. பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கொடுத்தார்கள். ஒன்பது வாரம் கழித்துப் போனால், முகப்பில் இருந்த அதிகாரி நாங்கள் கொடுக்கவே இல்லை என்கிறார். ரசீதைக் காட்டினோம். அதைப் பார்க்கக்கூட இல்லை. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதும், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். அம்மாவுக்கு 71 வயது. எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அதிகாரி இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. அரசாங்க அலுவலகங்களுக்குப் புகார், மேல்முறையீடு எழுதித் தரும் சேவையாம். தேக்கா பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சின்ன அறை.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சேவையை நடத்தும் ஆள் முதலில் என்னிடம் பேசவே இல்லை. அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் வரவழைத்து, "சொல்லுங்கம்மா" என்று முக்கால் மணி நேரம் கேட்டார். அந்த முகப்பில் யாரும் கேட்காததை இவர் கேட்டார். அம்மா அங்கே அழுதுவிட்டார். அப்புறம் ஒரு ஃபைலை எடுத்து, அரசமைப்புச் சட்டத்தின் 110ஆம் பிரிவை வாசித்துக் காட்டினார்: அரசாங்க அதிகாரிகள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பொதுச் சேவை ஆணையத்துக்கு உண்டு. "நேரா அங்கயே போடுறோம் தங்கச்சி. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்கும் ஒரு காப்பி. ரெண்டே மாசம், அந்த ஆளுக்கு வேலை இருக்காது." "சரிண்ணே" என்று சொல்லி அங்கேயே பேநவ்வில் (கைபேசி வழியாக வங்கிப் பணம் அனுப்பும் சேவை) அவருடைய கைபேசி எண்ணுக்கு 600 வெள்ளி அனுப்பினேன்.

மூன்றாம் வாரம் கூப்பிட்டார். விசாரணைக் குழு உட்கார்ந்துவிட்டதாம், குற்றச்சாட்டுப் பத்திரம் தயாரிக்க 1,250 வெள்ளி கட்டணமாம். அதையும் அனுப்பினேன். ஆக மொத்தம் 1,850 வெள்ளி.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் இரத்தம் கொதிக்கிறது. "விசாரணை ரகசியம், வெளியில சொல்லக்கூடாது." "நான் ஜோகூர்ல இருக்கேன், திங்கக்கிழமை பேசுறேன்." திங்கள் வந்தது, போனது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. அம்மாவையே பேசச் சொன்னேன். அம்மாவிடமும், "பொறுமையா இருங்கம்மா, இப்ப அவசரப்பட்டா கேஸ் கெட்டுடும்" என்றார். நேரில் போனால், வேறொரு பெண் இருந்துகொண்டு சார் இல்லை என்கிறார். அனுப்பிய கடிதத்தின் நகலையாவது கொடுங்கள் என்று நின்றேன். கொடுத்தார். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் அம்மாவின் பெயருக்குப் பதில் யாரோ ஒருவரின் பெயர். வேறு அலுவலகம், வேறு தேதி.

சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கே அழைத்துக் கேட்டேன். அம்மாவின் அடையாள அட்டை எண்ணில் எந்தப் புகாரும் வரவில்லை என்றார்கள். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பியதாகவே தெரியவில்லை.

தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்புக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில், நாங்கள் சொல்லச் சொல்ல ஒரு தொண்டூழியர் அரை மணி நேரத்தில் கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்தார். ஒரு காசு கேட்கவில்லை. அவர்தான் இன்னொன்றையும் விளக்கினார். நாங்கள் போன அலுவலகம் ஆணைபெற்ற கழகம், அதாவது தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசாங்க அமைப்பு. அங்குள்ள ஊழியர்மேல் நடவடிக்கை எடுப்பது அந்தக் கழகமே. பொதுச் சேவை ஆணையத்துக்கு அதில் வேலை இல்லை. அம்மா முன்னால் வாசித்துக் காட்டிய 110ஆம் பிரிவு எங்கள் விஷயத்துக்குப் பொருந்தவே பொருந்தாது! ஊழல் புலனாய்வுப் பிரிவு லஞ்சத்தை விசாரிக்கும் இடம். சான்றிதழைத் தொலைத்ததற்கும் கத்தியதற்கும் அங்கே போக முடியாது. பொதுச் சேவை ஆணையத்தின்கீழ் வரும் அதிகாரியாக இருந்தாலும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் அவரைப் பதவிநீக்கம் செய்ய முடியாது என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. குற்றச்சாட்டுப் பத்திரத்தை அவருடைய மேலிடம்தான் கொடுக்கும். வெளியாள் காசு கட்டி வாங்குகிற பொருள் இல்லை அது. இது தெரியாமல்தான் 1,250 வெள்ளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். அரசாங்க அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. தேதி, நேரம், முகப்பு எண், ரசீது எண், இவ்வளவையும் எழுதி அந்த அலுவலகத்துக்கே நேரடியாக அனுப்புங்கள். "வேலையை விட்டுத் தூக்க வைக்கிறேன்" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நிறுவனத்தின் பதிவு எண்ணுக்குக் கொடுங்கள், தனியாள் கைபேசி எண்ணுக்கு வேண்டாம். நான் செய்த தவறு அதுதான். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் வேண்டாம். ஆனால் யார்மேல் போடுவது? அந்த ஆள் கொடுத்த ரசீதில் இருக்கிற நிறுவனப் பெயரில் பதிவே இல்லை.

போலிஸில் புகார் கொடுத்துவிட்டேன். அம்மாவின் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. தேடுவதாக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தேக்கா பக்கம் மாடி அறையில், தேநீர் வாங்கிக் கொடுத்து, 110ஆம் பிரிவை வாசித்துக் காட்டிய ஆளிடம் நீங்களும் பணம் கொடுத்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பேநவ் சீட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்.