உயரத்தைத் தெளிவாகவும் தாழ்வை அரைகுறையாகவும் காட்டும் ஒரு சுவர் வரைபடம்

மலைகளைக் காட்டுவதில் இந்த உலக இயற்கையமைப்புச் சுவர் வரைபடம் மிகச் சிறப்பானது. தாழ்நிலங்களைப் பொறுத்தவரை அதே நம்பிக்கையுடன் இதைப் பரிந்துரைக்க முடியவில்லை.

கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் வரை அடர்பச்சை, 500 வரை இளம்பச்சை, 1,000 வரை மஞ்சள், 2,000 வரை இளம்பழுப்பு, 4,000 வரை அடர்பழுப்பு, அதற்கு மேல் வெண்மை என நிறங்கள் அடுக்கப்பட்டுள்ளன. இடைவெளிகள் சமமாக இல்லாதது குறையன்று. உலக நிலப்பரப்பின் பெரும்பகுதி 1,000 மீட்டருக்குக் கீழே இருப்பதால், ஆயிரம் ஆயிரமாகப் பிரித்திருந்தால் அமேசான் சமவெளியும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பீடபூமியும் ஒரே நிறத்தில் கரைந்துபோயிருக்கும்.

மேடு பள்ளங்கள் புடைத்துத் தெரிவதற்காக வரையப்படும் மலைநிழல் இன்னும் நேர்த்தியானது. வட அரைக்கோளத்தின் பெரும்பகுதியில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்தே விழுகிறது என்றாலும், அப்படி நிழலிட்டால் பலரது கண்ணுக்கு முகடு பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் தோன்றிவிடும் என்பதால், வரைபடக் கலையின் நெடுநாள் மரபுப்படி ஒளி வடமேற்கிலிருந்து வருவதாகவே வரைந்திருக்கிறார்கள். நிழல் மென்மையாக இருப்பதால், இமயமலைப் பகுதியில்கூட சிகரங்களுக்கான முக்கோணக் குறிகளும் அவற்றின் அருகிலுள்ள உயர எண்களும் தடையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. இந்த அளவுத்திட்டத்தில் சம உயரக் கோடுகளைத் தவிர்த்ததும் சரியே.

குறை பச்சையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வரைபடப் பதிப்பகமான பார்த்தலோமியூ நிறுவனம் 1878ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் முன்வைத்த பச்சை, பழுப்பு வரிசையின் வழிவந்த இந்த நிறத்திட்டத்தில், பச்சை குறிப்பது தாழ்வை மட்டுமே; பார்ப்பவர் மனமோ அதை வளமாகவும் காடாகவும் எடுத்துக்கொள்கிறது. எகிப்தின் கட்டாரா பள்ளம் வறண்ட பாலைவனம். அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே உள்ளது. இங்கே அதுவும் அமேசான் காட்டின் அதே அடர்பச்சையில் நிற்கிறது. கடல்மட்டத்துக்குக் கீழான நிலத்துக்குத் தனி நிறமே இல்லாததால், சாக்கடல் கரையின் ஏறத்தாழ 430 மீட்டர் தாழ்வும் கண்ணில் படாமல் போகிறது. திபெத்தின் வெண்மையும் இப்படித்தான்: மழையும் பனிப்பொழிவும் குறைந்த அந்தப் பீடபூமியை, முழுவதும் பனி மூடிய நிலமாக எண்ண வைக்கிறது. வறண்ட தாழ்நிலத்துக்கு வெளிர்மணல் நிறமும் ஈரமான தாழ்நிலத்துக்குப் பச்சையும் தரும் முறை இன்று வழக்கில் இருக்கும்போது, பதிப்பாளர் அதை நாடாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

குறிவிளக்கமோ கீழ்மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஒடுங்கியிருக்கிறது. வகுப்பறைக்கு வாங்குவோர், நிறங்கள் உயரத்தை மட்டுமே குறிக்கின்றன என்ற வரியைப் பெரிய எழுத்தில் எழுதி வரைபடத்தின் அருகிலேயே ஒட்டிவைப்பது நல்லது.