பத்தால் பெருக்கலாமா, தலைகீழாக்கலாமா?

ஒரு பின்னத்தைப் பத்தால் பெருக்கி, முழு எண்ணைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி பெருக்குங்கள். பள்ளியில் போட்ட நெடுவகுத்தல்தான். ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் இயங்கமைப்புக் கோட்பாட்டில் இது ஒரு புள்ளியின் பயணம். 1/7-க்கு மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 எனச் சுற்றுகின்றன. அதனால்தான் 142857 ஓயாமல் திரும்புகிறது.

மிச்சத்தைப் பெருக்காமல் தலைகீழாக்கி (1-ஐ அதனால் வகுத்து), முழு எண்ணைக் கழித்துக்கொண்டே போனால், கழித்த முழு எண்களின் வரிசை தருவது தொடர்பின்னம். எனக்குப் பிடித்தது இதுதான், எண்ணின் குணம் பளிச்சென்று தெரிகிறது. விகிதமுறு எண், அதாவது 1/7 போல இரு முழு எண்களின் விகிதம், இங்கே சுற்றாது, பூஜ்யத்தில் நின்றுவிடும். 'பை'க்கு 3, 7, 15, 1, 292 என வரும்; 292-க்கு முன் நிறுத்தினால் 355/113, ஆறு தசம இடம் வரை சரி.

அப்புறம், ஏறக்குறைய எல்லா எண்களுக்கும் தசமத்தில் பத்து இலக்கங்களும் சமமாக வரும். தொடர்பின்னத்தில் வரும் முழு எண்களில் 1 மட்டுமே சுமார் 41.5 சதவீதம். இதன் பின்னுள்ள பரவலை, அதாவது எது எத்தனை முறை வரும் என்ற கணக்கை, கணிதவியலாளர் காஸ் 1812-இல் இன்னொரு கணிதவியலாளர் லாப்லாஸுக்கு எழுதினார்; நிரூபணம் 1928-இல் கணிதவியலாளர் குஸ்மினிடமிருந்து வந்தது.