மொட்டை மாடியா, பழவேற்காடா, ஏலகிரியா: குட்டிப் பசங்களோடு டென்ட் போட எது சரி?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் ஏழு வயசில் ஒன்றும் நாலு வயசில் ஒன்றும் இருந்தால், டென்ட் வாங்கிய கையோடு மலைக்குக் கிளம்ப வேண்டாம். முதல் ராத்திரி மொட்டை மாடியிலேயே இருக்கட்டும்.

காரணம் விளையாட்டுதான். கொடிக்கயிறு, அம்மாவின் பழைய புடவை, காலி வாளி இருந்தால் போதும், டென்ட் காசிமேட்டு விசைப்படகு ஆகிவிடும். அக்கா டிரைவர், தம்பி வலை இழுப்பான், அந்த நேரம் பார்த்து துறைமுகத்திலிருந்து நிஜக் கப்பலின் சங்குச் சத்தம் கேட்டுவிட்டால் ஆட்டம் இப்போதைக்கு முடியாது. யார் டிரைவர் என்று சண்டை வந்தாலும் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள நேரம் இருக்கிறது. சின்னவன் நடுராத்திரி அழுதால் படி இறங்கினால் வீடு.

தளத்தில் முளை அடிக்க முடியாது. அதனால் தானாக நிற்கிற டோம் டென்ட் வாங்கி, நாலு மூலையையும் தண்ணீர் கேனில் கட்டுங்கள். கைப்பிடிச் சுவர் குட்டை என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். தை, மாசி நல்ல மாதங்கள், சித்திரையில் தளம் ராத்திரியும் சுடும்.

பழவேற்காடு பகலுக்கு அருமை. குளிர்காலத்தில் பூநாரைகள், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், எல்லாம் பார்க்கலாம். ராத்திரி தங்க வேண்டாம், சுற்றிலும் தண்ணீர். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை மறக்க முடியவில்லை.

ஏலகிரியின் பலம் குளிரும் மரங்களும் மட்டும் இல்லை, போகிற வழியும்தான். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததையும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததையும் வண்டியிலேயே சொல்லிக்கொண்டு போனால், மேலே போனதும் பசங்க போர்வையை எடுத்துக்கொண்டு மயில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் வளைவு வளைவாக ஏற்றம், நாலு வயசுக்கு வாந்தி வரும், போய்ச் சேர்ந்ததும் தூங்கிவிடும், முதல் நாள் விளையாட்டே போச்சு. சின்னதுக்கு ஆறு வயசாகட்டும். அப்போது டென்ட் போட அனுமதிக்கிற இடமாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள், கம்பி கோர்க்கிற வேலையை பசங்களிடமே விடுங்கள், மாடியில் பழகியிருப்பார்கள்.