எம்ஜிபி காரில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: 6 ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1976-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னும் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் அதன் லூகாஸ் 45டி4 டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து, மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் பாயின்ட் என்னும் ஸ்விட்சையும் அதற்குத் துணையான கண்டன்சரையும் எடுத்துவிட்டு, காந்த வளையத்தை உணர்ந்து வேலை செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்தி 6 ஆண்டுகள் ஆகின்றன. பாயின்ட்டின் குதிகால் (சுழலும் தண்டின் மேல் உராயும் பகுதி) தேயத் தேய 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து, டைமிங்கும் (பொறி எழும் நேரம்) பின்தங்கிவிடும். அந்தத் தொல்லை இன்று இல்லை. குளிர்காலக் காலையிலும் கார் உடனே கிளம்புகிறது. ஆனால் முதல் ஆண்டில் மூன்று முறை மாட்யூலின் மேல் சந்தேகப்பட்டேன். மூன்று முறையும் கோளாறு வேறிடத்தில் இருந்தது.

முதல் கோளாறு, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுழலும்போது எஞ்சின் பிடித்துக்கொள்வதும், சாவியை விட்டவுடன் தடுமாறி நின்றுவிடுவதும். இந்த ஆண்டு மாடல்களில், பொறிக்கான உயர் அழுத்தத்தை உருவாக்கும் காயில் 12 வோல்ட்டுக்கானது அன்று. வயர் கட்டுக்குள் ஒளிந்திருக்கும் பாலாஸ்ட் என்னும் மின்தடைக் கம்பி மின்னழுத்தத்தைக் குறைத்தே அதற்குக் கொடுக்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும் சில நொடிகளில் மட்டும் அந்தக் கம்பியைத் தாண்டி முழு மின்சாரம் நேரே காயிலுக்குப் போகும். நானோ மாட்யூலின் சிவப்புக் கம்பியைக் காயிலின் நேர்முனையிலேயே இணைத்திருந்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது அங்கே 8 வோல்ட்கூட நிலைக்கவில்லை. சிவப்புக் கம்பியை ஃப்யூஸ் பெட்டியின் வெள்ளைக் கம்பிக்கு மாற்றி, காயிலைப் பழையபடி பாலாஸ்ட்டிலேயே விட்டதும் கோளாறு தீர்ந்தது. ஆகவே மாட்யூல் வாங்குவதற்கு முன்பே உங்கள் காரில் பாலாஸ்ட் உண்டா என்று பார்த்துவிடுங்கள். காயிலின் முதன்மைச் சுற்றில் 3 ஓம் அளவு காட்டினால் அது 12 வோல்ட் காயில், 1.5 ஓம் அளவு காட்டினால் பெரும்பாலும் பாலாஸ்ட்டோடு வேலை செய்வது.

இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது மட்டும் மிஸ்ஃபயர் (பொறி தவறுவது) ஆகும். அழுத்தி மிதித்தால் சரியாகிவிடும். கார்புரேட்டரைத்தான் முதலில் குற்றம் சொன்னேன். ஒரு நாள், டைமிங்கை மாற்ற எஞ்சினின் உறிஞ்சுவிசையை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டியபோது மிஸ்ஃபயர் அடியோடு நின்றது. லேசாக மிதிக்கும்போதுதான் வேக்குவம் வலுவாக இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்யூல் அமர்ந்திருக்கும் தட்டை அது இழுக்கும்போதெல்லாம் அதை உடலோடு இணைக்கும் எர்த் கம்பியும் வளைகிறது. மேலுறை முழுதாக இருந்தது. நகத்தால் மெல்ல அழுத்தியபோதுதான் உள்ளே இழைகள் அறுந்து, இரண்டொன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மெல்லிய இழைகள் கொண்ட புதிய கம்பி போட்டேன். விறைப்பான கம்பி போட்டால் அதுவும் விரைவில் அறுந்துவிடும்.

மூன்றாவது, இங்கிலாந்தின் ஏ34 நெடுஞ்சாலையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் நின்றது. காயிலிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பியின் முனையை, காப்பிட்ட இடுக்கியால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைத் திருப்பிவிடும் ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு மிக அருகில் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டோம். ரோட்டார் நன்றாக இருந்தால் அங்கே பொறி தாவக் கூடாது. எங்களுக்கு நீலப் பொறி பளிச்சென்று தாவியது. தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டின் வழியே மின்சாரம் கீழே உள்ள தண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கிடைத்த மலிவான ரோட்டார் அது. ரிவெட் இல்லாத ரோட்டார் போட்ட பிறகு இன்றுவரை அந்தச் சிக்கல் வரவில்லை.

பொருத்தி முடித்ததும் டைமிங் லைட் வைத்து டைமிங்கை மறுபடி அமைப்பதும், செம்புக் கம்பிகளுக்குப் பதிலாகக் கார்பன் மையம் கொண்ட பிளக் கம்பிகளைப் பயன்படுத்துவதும் கட்டாயம். எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை நெடுநேரம் போட்டு வைத்தால் காயிலும் மாட்யூலும் சூடேறிக் கெட்டுப்போகக்கூடும். ரேடியோ கேட்க வேண்டுமானால் சாவியைத் துணை நிலையில் வையுங்கள்.

பழைய பாயின்ட்டையும் கண்டன்சரையும் தட்டோடு சேர்த்து, இடைவெளி சரிபார்த்த நிலையிலேயே, ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். சாலையோரத்தில் மாட்டி முடிக்க 20 நிமிடம் போதும். இதுவரை அந்த டப்பாவைத் திறக்க நேரவில்லை.