எம்பாகிளிஃப்ளோசின்: சுகர் மாத்திரையா, ஹார்ட் மாத்திரையா?

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு சுகருக்கு டாக்டர் சேர்த்துக் கொடுத்தது எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போடலாம். முதலில் விலை. இதன் ஒரிஜினல் பிராண்டான ஜார்டியன்ஸ் மட்டும் இருந்த காலத்தில் ஒரு மாத்திரையே கிட்டத்தட்ட 60 ரூபாய். 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் உள்ளூர் கம்பெனிகள் வரிசையாக இறங்கி, 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. நாங்கள் வாங்குவதும் அதுதான்.

சுகர் தடாலென்று இறங்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். மூன்று மாத சுகர் சராசரியில் (HbA1c) முக்கால் பாயிண்ட் குறைந்தாலே நல்ல பலன். சிறுநீரகம் திரும்ப உறிஞ்ச வேண்டிய சர்க்கரையை இது தடுத்து வெளியே விட்டுவிடுகிறது, கூடவே கொஞ்சம் உப்பும் நீரும் போவதால் பிரஷர் சற்று இறங்கும், எடையும் இரண்டு கிலோ போல குறையலாம். இதைப் போடுகிறவர்களுக்கு யூரின் டெஸ்டில் சுகர் எப்போதும் பிளஸ் பிளஸ் என்றுதான் வரும், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள்.

சரி, பிறகு எதற்கு இது? சுகரைக் குறைத்தால் ரத்தக்குழாய் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். ரோசிகிளிட்டசோன் என்ற பழைய சுகர் மாத்திரை சுகரை நன்றாகவே குறைத்தது, ஆனால் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2007ல் சந்தேகம் கிளம்பி, 2010ல் இந்தியாவில் தடையே வந்தது. நடுவில் 2008ல் அமெரிக்கா, புது சுகர் மருந்து எதுவானாலும் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று காட்டச் சொன்னது. அப்படி நடந்த சோதனை ஒன்றில்தான் இந்த மாத்திரை எல்லோரையும் அசத்தியது. ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்த 7,000 பேருக்கு மேல் சேர்த்து 2015ல் வந்த முடிவு: இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தவர்கள், வெற்று மாத்திரை போட்டவர்களில் 5.9 சதவீதம், இதைப் போட்டவர்களில் 3.7. ஹார்ட் ஃபெயிலியரால், அதாவது இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாமல், ஆஸ்பத்திரியில் சேர்வதும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆனால் மருந்துக்கடையில் சிலர் சொல்வது போல இது அடைப்பைக் கரைக்கிற மருந்து இல்லை. அதே சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படி குறையவில்லை. குழாயில் கொழுப்பு படிவதைக் கட்டுப்படுத்த ஸ்டாட்டின்தான் வேண்டும், இதைப் போடுகிறோம் என்று அதை நிறுத்துவது முட்டாள்தனம்.

தொந்தரவுகளும் உண்டு. அடிக்கடி பாத்ரூம், வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் தலைசுற்றல், பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று. கடைசியாகச் சொன்னதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களே கேட்டுவிடுங்கள். அபூர்வமாக சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) கூடி ரத்தம் அமிலமாகும், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் என்றால் மூன்று நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சர்ஜனிடம் இந்த மாத்திரையின் பெயரை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெட்ஃபார்மினோ லினாகிளிப்டினோ, இப்படி வேறு சுகர் மருந்து சேர்த்த கூட்டு மாத்திரைகளும் கிட்டத்தட்ட அதே பெயரில் வருகின்றன, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால், ஏற்கெனவே மெட்ஃபார்மின் தனியாகப் போடுகிறவர்களுக்கு அது இரண்டு மடங்காகிவிடும்.