அரிசிம்பருப்புக்கு முழு மார்க், காபிக்கு முட்டை

கோபிசெட்டிபாளையத்தில் வயசானவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட இடம் தேடினால், இந்த மெஸ்ஸுக்குத் தைரியமாகப் போகலாம். இதைவிட ருசியாகப் போடுகிற கடை ஊருக்குள் ஒன்றிரண்டு இருக்கிறது. ஆனால் கை கழுவிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாலும் யாரும் முறைக்காத கடை, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பெயர் கேட்காதீர்கள், போர்டே கிடையாது. சத்தி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் ஓட்டு வீடு. சுவரில் நீலப் பெயிண்டில் ‘மெஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நடத்துகிறார்கள், பரிமாற ஒரு பையன். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை ஆபீஸ் கூட்டம் நிற்க இடமிருக்காது. இரண்டு மணிக்கு மேல் போனால் கடை நம்முடையது. டிவியை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். “ஒக்காந்து பேசுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க” என்று அந்தம்மா சொல்வது வாய்வார்த்தைக்கு இல்லை. தண்ணீர்ச் சொம்பை மறுபடி நிரப்பி வைத்துவிட்டுத்தான் சொல்லும்.

நாங்கள் 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய கூட்டம். அப்போது பதினொன்றாம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. பிளஸ் டூ 1978இல்தான் வந்தது, அதனால் நாங்கள் என்ன படித்தோம் என்று பேரன்களுக்கு விளக்குவதே தனி வேலை. மாதத்தில் ஒரு புதன்கிழமை சேர்கிறோம். புதன்கிழமை ஏன் என்றால், அன்றைக்குத்தான் இங்கே அரிசிம்பருப்பு, அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைக்கிற எங்கள் பக்கத்துச் சோறு.

அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பல கடைகளில் அரிசிம்பருப்பு என்று சாம்பார் சாதத்துக்குத் தம்பி மாதிரி ஒன்றைப் போட்டு ஏமாற்றுகிறார்கள். இங்கே துவரம்பருப்பு அரிசிக்கு அடங்கி இருக்கிறது. சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுசாகப் போடுகிறார்கள், விரலால் அழுத்தினால் மடல் மடலாகப் பிரிகிறது. பூண்டு, சீரகம், வரமிளகாய், மஞ்சள், அவ்வளவுதான். பையன் கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் குழி போட்டு நெய் விடுகிறான். ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கியது என்கிறார் ஓனர். மணல் மணலாக இருப்பதைப் பார்த்தால் நம்பலாம். ஒரு தட்டு எழுபது ரூபாய், அப்பளமும் தயிரும் சேர்த்து. கேட்டால் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் கருகிய அடிக்காந்தலும் வரும். எங்களில் பாதிப் பேருக்குப் பல் செட். ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை.

காந்தல் இலைக்கு வந்தால் பேச்சு தானாகக் கணக்கு வாத்தியாரிடம் போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷன், தினமும் தயிர்சாதம். புளியமரத்தடியில் எங்கள் தூக்குப்போசிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, “இன்னைக்கு எவன்டா காந்தல் கொண்டுவந்தது?” என்பார். காந்தலுக்குப் பதில் நாரத்தங்காய் ஊறுகாய் தருவார். கொடுத்தவனுக்கும் அடுத்த பீரியடில் அடி உண்டு. பாரபட்சமே இல்லாதவர். மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆன நண்பன் போன தடவை காலி இலையில் ரசத்தால் செங்கோண முக்கோணம் வரைந்து, பிதாகரஸ் தேற்றத்தைக் கடைசி வரி வரை நிரூபித்துக் காட்டினான். இலை எடுக்க வந்த பையன் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, “கரெக்டுங்களா பெரியப்பா?” என்று என்னிடம் கேட்டான். எனக்கு எங்கே தெரியும், நான் வரலாறு.

இன்னொரு வாத்தியாரைப் பற்றி ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து நடக்கும். ஒன்றாம் வகுப்பில் எங்களைச் சேர்த்தவர். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு, ஜூன் மாதத்தில் ஒரு தேதி எழுதிவிடுவார். அப்படி எழுதிய தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறி, 58 வயசு என்று 2016 ஜூன் 30 அன்று எங்களில் பலரை ஒரே நாளில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. மறு வருஷம் பிறந்திருக்க வேண்டிய ஒருவன் இன்னும் பொருமுகிறான்: “கை நீளமா இருந்ததுக்கு ஒரு வருசச் சம்பளம் போச்சுடா மாப்ள.” நமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு 2020இல் 59, 2021இல் 60 என்று ஆக்கிவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தால் அவனுக்கு ரசம் இறங்காது. தபால் ஆபீஸ்காரன் மட்டும் சிரிப்பான். அவனுக்கு மத்திய சர்க்கார், அப்போதே 60.

ரிட்டயர்மென்ட் கதைகள் பெரும்பாலும் பழையவை. ஒருவன் திருப்பூரில் மகன் வீட்டில் பேத்தியை ஸ்கூல் வேன் ஏற்றிவிடும் உத்தியோகத்தில் இருக்கிறான், லீவு கிடைத்தால்தான் வருவான். டீச்சராக இருந்த அம்மணிக்கு இப்போதும் மணி அடித்த மாதிரி நாலு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். தோட்டத்துக்குத் திரும்பியவன் மட்டும் புதுசு புதுசாகக் கொண்டுவருவான். இந்த முறை மயில். விதைத்த நிலக்கடலையை மயில் கிளறிக் கிளறித் தின்றுவிட்டுப் போகிறதாம், விரட்டத்தான் முடியும், கை வைக்க முடியாது.

சரி, குறைகள். வாசலில் உயரமான இரண்டு படி, பிடித்து ஏறக் கம்பி இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறோம், தலையாட்டினார். நாற்காலிக்குக் கைப்பிடி கிடையாது. கழிப்பறை பின்னால், குத்தவைத்து உட்காருகிற பழைய வகை. கொள்ளு ரசத்தில் சில நாள் உப்பு தூக்கலாக இருக்கும், பிரஷர் மாத்திரைக்காரர்கள் முதலில் நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். காபி குடிக்காதீர்கள். சிக்கரி கசப்பு சாப்பாட்டு ருசியையே அழித்துவிடும். எதிரே டீக்கடை இருக்கிறது, அங்கே போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தகையும் (இடியாப்பம் மாதிரி) தேங்காய்ப்பாலும் உண்டு, ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். ஆறு பேருக்கு மேல் போவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், திண்ணையில் பெஞ்சு போட்டு வைப்பார்கள். பில்லைத் தனித்தனியாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறார்கள்.