பழைய ஏ.டி.வி.யை மின்சாரத்துக்கு மாற்றும்போது: லெட்-ஆசிடா, லித்தியமா?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் 250 சி.சி. ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர பைக்) ஒன்று இருக்கிறது. காய் வெட்டு நாட்களில் சின்ன டிரெய்லரை மாட்டி, மரத்தடியில் குவிந்து கிடக்கும் தேங்காயைக் களத்துக்கு இழுத்து வருவதுதான் அதன் வேலை. பிஸ்டன் சிக்கி இன்ஜின் நின்றபோது உதிரி பாகம் கிடைக்கவில்லை. சேஸிஸ், பின் ஆக்ஸில், பிரேக் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதனால் இன்ஜினை இறக்கிவிட்டு மின் மோட்டார் வைத்தோம். முதலில் போட்ட லெட்-ஆசிட் (ஈயத் தகடும் அமிலமும் உள்ள) பேட்டரி 14 மாதத்தில் போய்விட்டது. இப்போது இரண்டு வருஷமாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (லித்தியம் பேட்டரியில் ஒரு வகை) ஓடுகிறது. இரண்டையும் ஒரே வண்டியில், ஒரே வாய்க்கால் மேட்டில் ஓட்டிப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். என் சாய்வு லித்தியம் பக்கம்தான்.

மோட்டார் இரண்டுக்கும் ஒன்றே: 48 வோல்ட், 3 கிலோவாட் பி.எல்.டி.சி. (கார்பன் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்). அது நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. 22 அங்குலச் சக்கரம் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 240 சுற்று சுற்றினால் போதும். இந்தக் குறைப்பு ஒரே செயினில் வராது. லேத் பட்டறையில் நடுவில் ஒரு ஷாஃப்ட் போட்டு, இரண்டு கட்டமாக 12-க்கு 1 என்று இறக்கினோம்.

விலை, எடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இ-ரிக்‌ஷா பேட்டரி 100 ஆம்பியர்-அவரில் நான்கு வாங்கினேன். மொத்தம் 120 கிலோ வந்தது. அதே கொள்ளளவில் 16 செல் லித்தியம் பேக் பெட்டியோடு சேர்த்து 45 கிலோதான், ஆனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சார்ஜுக்கு லெட்-ஆசிடில் 14 நடை போனது, லித்தியத்தில் 25 நடைக்குக் குறைவதில்லை. லெட்-ஆசிட் மேல் எழுதியிருக்கும் 100 என்பது மெதுவாக 20 மணி நேரத்தில் இறக்கினால் கிடைப்பது. மேட்டில் 80 ஆம்பியர் இழுக்கும்போது அது பாதியை ஒட்டி வந்துவிடும். சேற்றில் மட்டும் அந்தக் கனம் பின் சக்கரத்துக்கு நல்ல பிடி கொடுத்தது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இது எதுவும் இல்லை. வண்டி சும்மா நிற்கும் நாட்கள்தான்.

தென்னையில் 45 நாளுக்கு ஒரு வெட்டு. நான்கு நாள் வண்டிக்கு மூச்சு முட்டும் வேலை, அப்புறம் நாற்பது நாள் ஷெட்டில் தூக்கம். வெட்டு முடிந்த சாயங்காலம் எல்லோருக்கும் அலுப்பு. பாதி சார்ஜிலேயே வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். லெட்-ஆசிடுக்கு இதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் லெட் சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் அது கெட்டிப் படிகமாகி, பிறகு எந்த சார்ஜருக்கும் மசியாது. அந்த அளவு தகடு வீண்தான். இதோடு தகரக் கூரை ஷெட்டின் வெயில் வேறு. அந்தச் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் வேகமாகக் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். டெர்மினலில் பூக்கும் பச்சையைச் சுரண்ட வேண்டும். முதல் மூன்று மாதம் செய்தேன், அப்புறம் விட்டுப்போயிற்று.

14-ஆவது மாதம் பேட்டரிக் கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) விட்டுப் பார்த்தார். 1.28 காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு செல்லில் 1.15கூட இல்லை. “பிளேட்டெல்லாம் வெள்ளை பூத்துப்போச்சுங்கண்ணா” என்றார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பேட்டரியின் மேல் குற்றம் இல்லை. அதற்குத் தேவையான கவனிப்பை எங்கள் வேலைமுறையில் கொடுக்கவே முடியாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் கணக்கு தலைகீழ். பாதி சார்ஜில் நிற்பதுதான் அதற்கு நல்லது. முழுசாக ஏற்றி வெயிலில் நிறுத்தி வைத்தால்தான் ஆயுள் குறையும். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. நாங்கள் எப்படி விட்டுவிட்டுப் போகிறோமோ, அது அப்படித்தான் இருக்க விரும்புகிறது.

இதிலும் பாடுபட்டேன். முதலில் போட்ட பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்பு போர்டு) 100 ஆம்பியர்தான். தேங்காய் நிறைந்த டிரெய்லரோடு வாய்க்கால் மேடு ஏறும்போது சட்டென்று மின்சாரத்தை வெட்டிவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது, பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். லெட்-ஆசிட் என்றால் தளர்ந்து தளர்ந்துதான் நிற்கும், இப்படி நடு மேட்டில் கைவிடாது. பி.எம்.எஸ்.ஸை 150 ஆக மாற்றி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை 120 ஆம்பியரில் நிறுத்திய பிறகு அது திரும்ப நடக்கவில்லை. அதேபோல வோல்ட் மீட்டரை நம்பக் கூடாது. சார்ஜ் முக்கால்வாசி இறங்கும்வரை வோல்டேஜ் பெரிதாக மாறாது. ஷன்ட் (ஓடும் மின்சாரத்தை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்து ஆம்பியர்-அவர் எண்ணும் மீட்டர் வாங்குங்கள்.

ஆயுள் பற்றி 2,000 சார்ஜ் சுற்றுக்கு (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) மேல் என்று சொல்லி விற்கிறார்கள். வருஷத்துக்கு 8 வெட்டு, வெட்டுக்கு 4 சார்ஜ் என்றால் எனக்கு 32 சுற்றுதான் ஆகிறது. ஆக, இங்கே ஆயுளைத் தீர்மானிக்கப் போவது வயசும் வெயிலும்தான். இரண்டு வருஷ அனுபவத்தை வைத்து, பத்து வருஷம் வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

தினமும் ஓடி, தினமும் ராத்திரி சார்ஜில் நிற்கும் வண்டி, தண்ணீர் பார்க்க ஒரு ஆள், பக்கத்திலேயே பேட்டரிக் கடை, இந்த மூன்றும் இருந்தால் லெட்-ஆசிட் போடலாம். பழசை ஈயத்துக்காகக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அதில் கொஞ்சம் காசும் திரும்பும். நான் பழைய நான்கையும் அப்படித்தான் கொடுத்தேன்.

இப்போது வெட்டு முடிந்ததும் மீட்டரைப் பார்க்கிறேன். பாதியை ஒட்டி இருந்தால் மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துவிடுகிறேன். அணைக்காவிட்டால் கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வெட்டுக்கு முந்தின ராத்திரி 58.4 வோல்ட் வரை முழுசாக ஏற்றுகிறேன். செல்கள் ஒன்றுக்கொன்று சமமாவதற்கும் அந்த ஒரு ராத்திரி போதுமானதாக இருக்கிறது.